பதினைந்து

பதினேழு வேண்டும் என்றான் தெவாஷன்.
நண்பர்கள் எல்லோரும் பதினேழு.
ஞாயிறு மாலை அரீனா பார்க்கில்
வரிசை கட்டி நிற்கும் கார்களில்
எங்களுடையது மட்டும்
செருப்பில்லாமல் கல்யாணத்துக்கு வந்ததுபோல் நிற்கிறதாம்.

கார் என் பெயரில்தான் இருக்கிறது.
மஞ்சள் கோல்ஃப், என்னைவிட நான்கு வயது இளையது,
என் இரவுப் பணிப் படியில் வாங்கியது.
பதின்மூன்று அங்குல இரும்புச் சக்கரங்கள்.
அவற்றின் கறுப்பு மூடிகளில் ஒன்று
ஹிகின்சன் நெடுஞ்சாலையில் எங்கேயோ உருண்டு போயிற்று.

ஒரு வாரம் போட்டுப் பாருங்கள் என்று
நான்கு பதினேழுகளை இரவல் தந்தான் சரோஜன்.
அழகுதான். பொய் சொல்ல மாட்டேன்.
கடைக் கண்ணாடிகளில் எங்களையே பார்த்துக்கொண்டு போனோம்.

காவடி அன்று
பின் இருக்கையில் மூன்று பேர், மடியில் பால்குடங்கள்,
டிக்கியில் இருபது கிலோ பருப்பு.
கோயில் தெருவின் முதல் வேகத்தடையிலேயே
சக்கரம் மட்கார்டைக் கடித்தது.
கிர்ர்.
முருகா என்றார் யாரோ.
நாத்தனார் சேலையில் அரைக்குடம் பால்.
வீடு வரைக்கும் அந்தக் கிர்ர்.

திங்கள் இரவு ஆய்வகத்தில்
மையவிலக்கி சுழன்று முடிக்கப் பத்து நிமிடம் ஆகும்.
பழைய படிவம் ஒன்றின் முதுகில் கணக்குப் போட்டேன்.
நூற்று எழுபத்தைந்தில் எழுபது சதவீதம், மேலும் கீழும்,
நடுவே பதின்மூன்று அங்குலம்:
ஐந்நூற்று எழுபத்தைந்து மில்லிமீட்டர், சொச்சம்.
தெவாஷனின் பதினேழு ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு.
முள் அறுபது என்கிறபோது அறுபத்திரண்டில் போகிறேன்.
சாலைக் கேமராவிடம் முள்ளைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.
பதினைந்து அங்குலம், நூற்றுத் தொண்ணூற்றைந்து, ஐம்பது:
ஐந்நூற்று எழுபத்தாறு.
மறுபடி போட்டேன். எழுபத்தாறேதான்.
முழுசாய் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.
உலோகம் வளர்ந்த அளவுக்கு
ரப்பர் ஒடுங்கிக் கொடுக்கிறது,
ஒற்றைக் கட்டிலில் இரண்டு பேர் தூங்குவதுபோல.
மணி அடித்தது. யாருடைய ரத்தமோ
மேலே வெளுத்து, கீழே சிவந்து, தயாராக இருந்தது.

கடையில் சரோஜன் என்னோடு பேசவில்லை,
என் தோளுக்குப் பின்னால் தெவாஷனோடு பேசினான்.
நாலு துளை, நூறு மில்லி, எல்லாம் பொருந்தும் அண்ணே.
ஆஃப்செட் எவ்வளவு என்றேன்.
திரும்பிப் பார்த்தான்.
முப்பத்தெட்டா, இருபதா?
இருபது என்றால், டாக்சி ஜன்னலுக்கு வெளியே
முழங்கையை நீட்டி உட்காருகிறவன் மாதிரி
தெருவுக்குள் நீளும் சக்கரம்.
முப்பத்தெட்டு இருக்கிறது என்றான்.
நடுத்துளை?
எழுபத்து மூன்று என்றான், இப்போது என்னிடம்.
என் காரின் அச்சு ஐம்பத்தேழு.
சுற்றிலும் எட்டு மில்லிமீட்டர் காற்று,
போல்ட்டுகளை மட்டும் நம்பித் தொங்கும் சக்கரம்.
எதிர்க்குழாய் வைக்க மறந்த ஓர் இரவில்
மையவிலக்கி மேசைமேல் நடந்துபோனதைப் பார்த்தவள் நான்.

சக்கரம் மாட்டும் லுங்கெலோ தகர டப்பாவைத் துழாவி
நான்கு பிளாஸ்டிக் வளையங்களை எடுத்தான்.
வெளிவட்டம் எழுபத்து மூன்று, உள்வட்டம் ஐம்பத்தேழு.
ஒன்றை வாங்கிக் கையில் போட்டுப் பார்த்தேன்.
இரண்டேகால். என் வளையல் அளவேதான்.
அவன் சிரித்தான். கழற்றிக் கொடுத்தேன்.

தெவாஷனுக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.
ஞாயிறு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினான்.
பதினாறா என்று யாரோ கேட்டார்களாம்.
மறுக்கவில்லையாம்.

பழைய இரும்பு ஒன்று டிக்கியில் ஸ்டெப்னியாகக் கிடக்கிறது.
உயரம் ஒன்றுதான், கார் நொண்டாது.
ஆனால் புது போல்ட்டின் கழுத்து கூம்பு,
பழையதன் கழுத்து உருண்டை,
இரும்பு உருண்டையைத்தான் ஏற்கும்.
ஆகவே பழைய போல்ட்டுகளில் நான்கை
யுரிஷாவுக்குச் சின்னதாகிப்போன காலுறையில் முடிந்து
ஜாக்கியின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
தெவாஷனிடம் சொல்லியாயிற்று.
மறந்திருப்பான்.
வேகத்தடைகளில் மட்டும்
காலுறை லேசாகக் கிணுகிணுக்கிறது.