அளவுத் திருத்தம்

ஊரின் பெயர் தூன்.
நாவைச் சற்று மடித்தால் தூண்.
வந்த புதிதில் இதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை.
நானே சிரித்துக்கொண்டு
அயனிக் கற்றையால் செம்பில் தூண்கள் செதுக்கினேன்,
ஒரு தகட்டுக்கு நாற்பது.

பகலில் அளக்க முடியாது.
படைமுகாமில் ஒரு டாங்கி திரும்பினால்
என் திரையில் கோடு நடுங்கும்.
எதிரே நீசென் மலை,
ஒன்றும் தெரியாதது போல.
இரவு பெர்னுக்குக் கடைசி ரயில் போகவேண்டும்,
துப்புரவு வண்டி போகவேண்டும்,
பிறகு நானும் போகவேண்டும்:
பக்கத்தில் உட்கார்ந்தால் என் உடம்புச் சூட்டில்
கருவி நெளிகிறது.
நடைவழித் தரையில் மடிக்கணினியோடு காத்திருப்பேன்.
ஆளில்லாத அறையில்
வைரம் செம்பைத் தொடும்.

பழைய வாய்ப்பாட்டில்
எட்டு அணு ஒரு தேர்த்துகள்,
எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை,
எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர்.
சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்து அளந்தேன்,
எழுபத்தெட்டு மைக்ரோமீட்டர்.
மூன்று முறை எட்டால் வகுத்தேன்.
நூற்றைம்பத்திரண்டு நானோமீட்டர்;
என் வைரம் இறங்கும் ஆழம், ஏறக்குறைய.
காப்பி வேளையில் உர்சினாவிடம் சொன்னேன்.
"தேர் ஓடினால் எழும் தூசியா?
தூய்மை அறைக்குள் விடமாட்டோம்" என்றாள்.

இரண்டு வருட ஒப்பந்தம்,
பிறகு இன்னோர் இரண்டு, பிறகு ஒன்று.
குடியிருந்தது பேக்கரிக்கு மேலே.
நாலு மணிக்கு மாவு பிசையும் இயந்திரம் தொடங்கும்,
தூக்கத்திலும் அதன் அதிர்வெண்ணை எண்ணினேன்.

சிறியது வலியது,
இதுதான் எங்கள் தொழிலின் வேடிக்கை.
பெரிய செம்பு வளைகிறது,
உள்ளே பிசகு நடமாட இடம் இருப்பதால்.
சின்னத் தூணில் பிசகு இரண்டடி வைப்பதற்குள்
விளிம்பு வந்து
வெளியே விழுந்துவிடுகிறது.
இதை மனிதர்களுக்குப் பொருத்தாதே என்று
குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.
பொருத்தினேன்.

ஒன்பதாம் வருடம்.
அலமாரியில் கிடந்த பழைய முனையை
மறுபடி பொருத்திய ஒரு செவ்வாய்.
வழக்கம்போல முதலில் சிலிக்காக் கண்ணாடி.
ஒன்பதே கால் காட்டவேண்டும்,
பத்தே கால் காட்டியது.
கண்ணாடி மாறாது.
முனையை நுண்ணோக்கியில் நிமிர்த்தினேன்:
கூர் இல்லை, தேய்ந்த கடைவாய்ப்பல்.
எறும்பு ஊரக் கல்லும் தேயும்;
செம்பு ஊர
வைரமும்.

எப்போதிருந்து?
பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
கண்ணாடியில் சோதிக்காத பதினான்கு மாதங்கள்.
ஒவ்வொரு கட்டத்திலும் என் கையெழுத்தில் "அடுத்த வாரம்".
அந்த மாதங்களில்தான் அந்தக் கட்டுரை,
இருநூற்றுப் பதினொரு பேர் மேற்கோள் காட்டியது,
எனக்கு நிரந்தர வேலை வாங்கித் தந்தது.
செம்பு அவ்வளவு கடினமில்லை.
பதினோரு சதவீதம் நான் கொடுத்தது.

ரெட்டோ ஏபிஷர் கதவைச் சாத்திவிட்டு
"பிழை வரம்புக்குள் அடங்கிவிடும்" என்றான்.
வரம்பு ஐந்து.
ஜன்னலைப் பார்த்தபடிதான் சொன்னான்.

ஆறு வரித் திருத்தம், எழுத மூன்று இரவு.
'ஆசிரியர்கள்' என்று தொடங்கியதை அடித்தேன்.
பன்மையில் ஒளிந்துகொள்ள இடம் நிறைய.

வெளிவந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
உணவகத்தில் அதே உருளைக்கிழங்கு,
அதே மேசை, ரெட்டோ உப்பை நகர்த்தினான்.

நவம்பரில் கிரெனோபிளிலிருந்து ஒரு மின்னஞ்சல்,
எலோடி வாஸ்ரான், முனைவர் பட்ட மாணவி:
"என் செம்பு எப்போதும் குறைவாகவே வந்தது.
உங்கள் எண்ணோடு பொருந்தவேண்டுமே என்று
இரண்டு வருடம் என் வைரத்தைச் சந்தேகித்தேன்.
மூன்று முறை மாற்றினேன்."

நீளமாக ஒரு பதில் எழுதினேன். அழித்தேன்.
மன்னிப்பு என்ற சொல்லுக்கு
எந்தக் கண்ணாடியில் அளவு பார்ப்பது?
வெளியே டாங்கி ஒன்று திரும்பியது போல,
கோடு நடுங்கி அடங்கியது.

"உங்கள் முதல் வைரம் நல்லது.
எறிந்திருக்காவிட்டால்
அதையே பயன்படுத்துங்கள்"
என்று மட்டும் அனுப்பினேன்.