உண்மையான கடைசி

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில், டயர்க் கடைக்கு மேலே
நாலு பேர், மூன்று நாற்காலி, ஒரு ஏ.சி.
அது ஓடினால் பிரிண்டர் ஓடாது.
மாங்கூழ் ஆலைகளுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்கிறோம்.

வரைபடங்களுக்குப் பஞ்சமில்லை:
'கடைசி', 'கடைசி-2', 'உண்மையான கடைசி',
'மாதேஷ் பார்த்தது', 'இதைத் திறக்காதே'.

ஜூன் தொடக்கத்தில், காவேரிப்பட்டணம் தாண்டி ஓர் ஆலையில்
ராத்திரி இரண்டு மணிக்குப் பம்பு நின்றது.
தாளில் இருபத்தேழு. கம்பியில் எழுபத்திரண்டு.
பதினொரு டன் கூழ் புளித்த வாசனை
இன்னும் என் ஹெல்மெட்டில் இருக்கிறது.

பெங்களூரிலிருந்து வந்தவர் திரையில் காட்டினார்:
ரிலேவுக்கு நிழல் விழுந்தது,
மோட்டார் நீலமாக மின்னியது.
தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு.
நான் தலைகளை எண்ணினேன்.
சீசன் இல்லாத எட்டு மாதத்தையும் எண்ணினேன்.

ஃபர்ஹானா இன்னொன்றைத் திறந்தாள். காசில்லை.
அதில் வரைய வேண்டாம், எழுதினால் போதும்:
இந்த முனை, அந்த முனை, நடுவே கம்பி எண்.
படம் தானே வரும்.
வந்தது,
கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு,
சந்தை நாளின் பஸ் ஸ்டாண்டு மாதிரி.
"அழகா இல்லையே" என்றான் மாதேஷ்.
"என்ன மாறுச்சுன்னு சொல்லும்" என்றாள் அவள்.
"எந்த நாள், யார் கையால."

முனிரத்தினம் கதவோரம் நின்றிருந்தார்,
பாக்கெட்டில் டெஸ்டர், விரலில் டேப்பின் பசை.
பேனலை ஆலையில் மாட்டுவது அவர்தான்.
"பாய்லர் பக்கம் டவர் வராது மேடம்.
அங்க தொறக்குமா?"

அவர் போனில் நெட்டை அணைத்துப் பார்த்தோம்.
பெங்களூர்க்காரரின் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
ஃபர்ஹானாவுடையது வெறும் எழுத்து;
விரிசல் கண்ணாடிக்குக் கீழே சட்டென்று வந்து உட்கார்ந்தது.

சரி என்றேன். அழகை அப்புறம் பார்க்கலாம்.

இன்று பழைய ஃபைல்களை வரிசையாக ஏற்றினோம்.
ஒவ்வொன்றுக்கும் தேதி, சேமித்தவர் பெயர்.
நாற்பத்தொன்றாவதில் ஒரு வரி சிவப்பு, அதன் கீழ் ஒன்று பச்சை:
72 போய் 27 வந்திருந்தது.
மே பத்தொன்பது, இரவு பதினொன்றரை.
பெயர் என்னுடையது.

மூன்று வாரமாக நான் மாதேஷோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.
ஆலை முதலாளி முன்னால் அவன் பெயரைத்தான் சொன்னேன்.
அவன் மறுத்தான். பிறகு மறுப்பதையும் விட்டுவிட்டான்.

ஃபர்ஹானா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
"அடுத்ததை ஏத்தவா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் கீழே டீ வாங்கப் போயிருக்கிறான்.
படியில் செருப்புச் சத்தம்.
அந்த வரியை மூடாதே என்றேன்.