மூன்றும் ஐந்தும்

கரம் பவுடர் என்று ஊர் சொல்லுவது
போரிக்கமிலம்.
கொக்குவிலில் யூட்டின் கழகத்துப் பேணியிலிருந்து
இருநூறு கிராம் கடன் கேட்டேன்.
"கம்பசிலையும் கரம் அடிக்கினமோ?"
ஓம் என்றேன். விளக்க நேரமில்லை.
கொழும்பிலிருந்து வரவேண்டிய போத்தல்
ஆறு கிழமையாய்
வந்துகொண்டே இருக்கிறது.

யூரியாவுக்கு மருதனார்மடம்.
எத்தனை பரப்பு என்று கேட்டார் உரக்கடைக்காரர்.
காணி இல்லை ஐயா.
என் தோட்டம் ஒரு கிராமுக்குள் மடிந்து கிடக்கும்,
மடிப்பெல்லாம் விரித்தால் நாலு பரப்பு வரும்.
சொல்லியிருந்தால்
உறுதியைக் காட்டு என்றிருப்பார்.

போரனுக்கு வெளியோட்டில் மூன்று இலத்திரன்,
நைதரசனுக்கு ஐந்து.
மூன்றும் ஐந்தும் எட்டு.
காபனும் காபனும்
நாலும் நாலும்
எட்டு.
கூட்டுத்தொகை ஒன்றென்பதால்
அதே அறுகோணம், அதே தட்டு,
தட்டின்மேல் தட்டு.
ஆனாலும் பென்சில் கரி கறுப்பு, மின்னைக் கடத்தும்;
இது வெள்ளை, கடத்தாது.
சரிபாதி போட்டதற்கும்
உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுத்ததற்கும்
இதுதான் வித்தியாசம் என்று
குறிப்புக் கொப்பியில் எழுதி
அன்றே வெட்டினேன்.
அணுவுக்கு நியாயம் தெரியாது.

முதல் தரம்
புடக்குகையின் அடியில் கண்ணாடியாய் இறுகியது.
சதாகரன் உளியால் தட்டினான்.
கண்ணாடி அப்படியே இருக்க
புடக்குகை இரண்டானது.
இரண்டாம் தரம்
எழுநூற்று முப்பது பாகையில் கறண்ட் போனது.
இருட்டில் உலை மட்டும்
கொஞ்சநேரம் சிவந்திருந்தது.
அந்த வெளிச்சத்தில் பாணும் சம்பலும் தின்றோம்.

மூன்றாம் தரம் தொள்ளாயிரம் பாகை,
நைதரசன் ஓடஓட ஐந்து மணித்தியாலம்.
பீங்கான் வள்ளத்தை வெளியே இழுத்தால்
தும்மினால் பறந்துவிடும் ஒரு வெண்மை.
தராசு பூச்சியம் தசம் எட்டு கிராம் காட்டியது.
சதாகரன் கையால் மூக்கைப் பொத்தியபடி
கதவு வரைக்கும் பின்னால் நடந்தான்.

அதைப் பார்க்கும் கண் இங்கே இல்லை.
ஒரு சிட்டிகையைக் கொழும்புக்கு அனுப்பினேன்,
படம் வர இருபது நாளாம்.
மிச்சத்தோடு கோண்டாவிலுக்குச் சைக்கிள் உழக்கினேன்.

நகுலேஸ் வீட்டுக் கிணறு.
மதிலுக்கு அந்தப் பக்கம் கராஜ்.
நடுவில் ஓட்டை ஓட்டையாய்ச் சுண்ணாம்புக் கல்.
தண்ணீரின் முகத்தில் மயில்கழுத்து நிறம்.
"வடிவாத்தான் கிடக்கு" என்றான்,
"குடிக்கத்தான் ஏலாது."

முகவையில் மொண்டு
நுள்ளுப் போட்டேன்.
மிதந்தது.
தண்ணீரை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
எண்ணெய்தான் நாலு பக்கத்தாலும்
அதனிடம் வந்து சேர்ந்தது.
வெள்ளை, பிளேன்ரீ நிறமாகி, கறுத்தது.
கரண்டியில் அள்ளி நெருப்பு வைத்தேன்.
எரிய வேண்டியது எரிந்தது.
கரண்டியில் மறுபடி வெள்ளை.

நகுலேஸ் கைதட்டவில்லை.
"கிணத்துக்கு எவ்வளவு காணும்?"
நானூறு கிராம்.
"எத்தினை நாளில செய்வாய்?"
நாளுக்கு ஒரு தரம் உலை, கறண்ட் இருந்தால்,
ஒன்றரை வருசம்.
"அதுக்குள்ள அவன் கராஜைப் பூட்டுவானோ?"
இதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.
மதிலுக்கு அப்பால் யாரோ
வானொன்றைத் திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இருபது நாள் என்றது முப்பத்தொன்றானது.
படத்தில்
கசக்கி எறிந்த ரிசுத்தாள்.
ஒரு மடிப்பின் ஓரத்தில் மட்டும்
எட்டுக் கோடுகள், மயிரிழை என்று சொல்ல முடியாத கோடுகள்.
மயிர் இதற்குமுன் பனங்குற்றி.
சதாகரன் விரலால் எண்ணினான்.
எட்டுத்தான்.
திரும்பவும் எண்ணினான்.

புதுப் பைக்கற் வாங்கி
யூட்டின் கடனை அடைத்தேன்.
பலகையில் தூவினான்.
இதுவும் தட்டுத்தட்டாய்த்தான் கிடக்கும் யூட்,
ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்,
அதனால்தான் உன் காய் ஓடுகிறது என்றேன்.
"கதையை விட்டிட்டு அடி."
அடித்தேன்.
சிவப்பு ஓடிப்போய்க்
குழியின் வாசலில் நின்றது.
எவ்வளவு தூரம் என்று குனிந்தான்.
ஒரு கோடியே இருபது இலட்சம் நனோமீற்றர்
என்றேன்.