தாகம் குறித்த கட்டுரை

சுருக்கம் மட்டும் இலவசம்.
எட்டு வரி. ஒன்பதாம் வரியில் பூட்டு.
முழுதும் வேண்டுமென்றால்
முப்பத்தொன்பது டாலர் தொண்ணூற்றைந்து காசு,
அதுவும் ஒருநாள் வாசிப்புக்கு.

சிறுநீரகம் கைவிட்டவர்களின் நாக்கு
எப்போது வறள்கிறது,
எதைக் கொடுத்து அதை ஏய்க்கலாம்
என்பதைப் பற்றிய கட்டுரை.

நான் பிறையில், பதினோராவது மாடியில்.
பல்கலைக்கழகம் கடலுக்கு அந்தப் பக்கம்.
ஜன்னல் திறந்தால் பாலத்து விளக்குகள் தெரியும்.
திரை சொல்கிறது:
நீங்கள் வளாகத்துக்கு வெளியே இருக்கிறீர்கள்.

தெரியும் சாமி.
சனிக்கிழமை இரண்டு ஷிப்ட் ஊசி குத்திவிட்டு
கையில் மருந்து வாடை போகாமல்
மாகி மீ ஆறும் மேசையில்
வேறெங்கே இருப்பேன்?

நூலகப் பக்கம் வழியாக வா என்றது.
வந்தேன்.
மாணவர் எண் கேட்டது, கொடுத்தேன்.
கடவுச்சொல் கேட்டது.
கடவு என்றால் வழி.
என் வழிச்சொல் செத்துப் பதினாறு நாளாம்,
கருமாதியே முடிந்திருக்கும்,
எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

புதுசு வாங்க ஆறு இலக்கம்
என் பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது.
அந்த எண் இப்போது ஜொகூரில்
தம்பி லோகசீலனிடம்.
தூக்கத்தில் எடுத்தான்.
நாலு இலக்கம் சொல்லிவிட்டு
மறுபடி தூங்கிப்போனான்.

நூலகர் ஹஸ்ருல் அரட்டைப் பெட்டியில் இருப்பார்,
மாலை ஐந்து வரை.
இப்போது ஒன்றே கால்.
இருந்தாலும் எழுதினேன்:
என்சிக், எனக்கு ஒரே ஒரு கட்டுரை,
கட்டணம் கட்டிய ரசீது இருக்கிறது, அசல் இருக்கிறது,
இரண்டாம் பருவம், பகுதி நேரம்,
பகுதி நேரம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்...
எல்லாவற்றையும் அழித்து
தெரிமா காசி என்பதை மட்டும் விட்டுவைத்தேன்.

விடிந்ததும் மோட்டாரை எடுத்தேன்.
பாலத்தில் மோட்டாருக்குக் காசு கிடையாது.
காற்று ஹெல்மெட்டுக்குள் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தது.

ஞாயிறு. நூலகம் பூட்டு.
எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில்
மடிக்கணினியைத் திறந்தேன்.
விருந்தினருக்கான வைஃபை, இரண்டு கோடு.

எண் கேட்கவில்லை.
சொல் கேட்கவில்லை.
நேற்று மாணவியாய்த் தட்டினேன், திறக்கவில்லை.
இன்று விருந்தாளி, கதவே இல்லை.

அதற்கு என்னைத் தெரியாது,
நான் உட்கார்ந்திருக்கும் மண்ணைத்தான் தெரியும்.
பெஞ்சுக்கடியில் படுத்திருந்த பூனை
கணினி வைத்திருந்தால்
அதுவும் படிக்கலாம்.

பதினாலு பக்கம்.
ஏதோ குளிர் நாட்டில்
முப்பத்தோரு பேரைக் கேட்டு எழுதியது.
பதினோராம் பக்கம், அட்டவணைக்குக் கீழே:
உறைந்த திராட்சை, ஒன்று,
மெல்லாமல், நாக்கின் மேல்.

சிரித்துவிட்டேன். பூனை எழுந்து போனது.

மூன்றாம் நாற்காலி சந்தனமேரி அக்கா
இரண்டு வருஷமாக
பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவருவது அதைத்தான்.
அதுவும் தண்ணிக் கணக்கில் சேரும் அக்கா என்று
ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்தது
நான்தான்.

இன்னும் ஆறு கட்டுரை இறக்கினேன்.
பேட்டரி ஒன்பது விழுக்காட்டில் நின்றது.

திங்கட்கிழமை ஹஸ்ருல் பதில் போட்டிருந்தார்:
சாமா சாமா.
கடவுச்சொல்லை நேரில் வந்து மாற்றிக்கொள்ளவும்,
வேலை நாட்களில், வேலை நேரத்தில்.

செவ்வாய்க்கிழமை ஊசியை ஒட்டிவிட்டுக் கேட்டேன்:
அக்கா, திராட்சையை யார் சொல்லிக் கொடுத்தது?
டப்பாவை எனக்குத் தெரியாமல்
போர்வைக்குள் நகர்த்திக்கொண்டே சொன்னார்:
இதுக்கெல்லாம் ஆள் வேணுமா? நாக்குதான்.

ஆய்வேட்டில்
அதை எந்த அடிக்குறிப்பில் போடுவது?

கோப்பில் எழுதினேன்:
எடை கூடுதல், இரண்டு கிலோ நூறு.