ஏழாங்கட்டை

மலை கிடையாது எங்களுக்கு.
மழை கழுவிய காலையில் கிழக்கே
நீலமாய் ஒரு கோடு தெரியும்,
அதுவும் பக்கத்து மாநிலத்துச் சொத்து.
கடல்மட்டத்துக்கு மேலே நாலு மீட்டர்.
பெருவெள்ள நாளில் அதையும் கழித்துக்கொள்ளலாம்.
உங்கள் ஊர் உச்சி எது என்றால்
செம்பனை ஆலைப் புகைபோக்கியைக் காட்டுவோம்.
அதற்கு முன் கித்தா ஸ்டோர்க் கூரையை.
அதற்கும் முன்
ஒரு கல்லை.

முழங்கால் உயரம். உச்சந்தலையில் சுண்ணாம்பு.
நெஞ்சில் ஏழு.
மலாய்க்காரர் பத்து தூஜோ என்பார்,
தமிழ்க் காதில் அது பதினேழாகிவிடும்.
நாங்கள் ஏழாங்கட்டை என்றோம்.
தபாலும் வந்தது.

வாய்க்கால் இரண்டு. இரண்டும்
ஒரு நாளில் இருமுறை கடலுக்குப் போய்
இருமுறை மனம் மாறித் திரும்பும்.
நடுவே சாலை, சாலையோரம் பதினொரு கடை,
நிற்காமல் போகும் ரயில்.
ஜப்பான்காரன் கல்லின் எண்ணைத் தார்பூசி மறைத்தான்,
ஊர் தன் பெயரை மறக்கவில்லை.
முள்வேலி போட்ட வருஷங்களில்
கல் வெளியே, நாங்கள் உள்ளே.
ஆறு மணிக்குக் கேட் விழும்.
பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டார்கள்,
துண்டுக்கொரு முதலாளி.
பிறகு கிலோமீட்டர் வந்தது.
பதினொன்று புள்ளி இரண்டு என்று
பச்சைப் பலகை நட்டார்கள்.
அந்தப் பெயரில் யாரும் பெண் கேட்டு வரவில்லை.

எங்கிருந்து ஏழு?
ஆற்றுமுக ஜெட்டியிலிருந்து.
கப்பலில் வந்தவர்களை
எண்ணி, பெயர் கேட்டு, தப்பாக எழுதி,
மூட்டைகளை வண்டியிலும்
ஆட்களைக் காலிலும் அனுப்பிய இடம்.
ஜெட்டியை ஆறு தின்று முப்பது வருஷம்.
பூஜ்ஜியம் சேற்றுக்குள் போய்விட்டது,
ஏழு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

போன மாதம் சாலையை நாலு தடமாக்க வந்தார்கள்.
நான் கம்பு பிடிப்பவன்.
சர்வேயர் சுல்கிப்ளி கருவியில் கண் வைத்து
எடுத்தார், மறுபடி வைத்தார்.
பழைய வரைபடத்தின் ஜெட்டியிலிருந்து
இந்தக் கல்லுக்கு
ஆறே முக்கால்.

நில அலுவலகத்தில் கரையான் மிச்சம் வைத்த
பழைய தோட்டக் கணக்கில் கிடைத்தது:
உண்மையான ஏழில் கால் வைத்தால் இடுப்புவரை சதுப்பு.
கள்ளுக்கடை லைசென்ஸோ ஏழாங்கட்டைக்கு.
கடையைச் சதுப்பில் கட்ட முடியாது,
ஆகவே கல்லை அரைக்கட்டை இந்தப் பக்கம்
கொண்டுவரச் சொல்லித் துரை கையெழுத்து.
அடுத்த பக்கம் கிராணி கையெழுத்து:
இராக்கூலி. கல் ஒன்று. ஆள் நாலு.
அப்பலசாமி, சின்னாண்டி, மொட்டையன்,
நாலாவது பெயர் பூச்சிக்குப் போயிற்று.
மொத்தம் ஒரு வெள்ளி இருபது காசு.

அரைக்கட்டை போகவில்லை அவர்கள்.
கால்கட்டையில் இறக்கிவிட்டார்கள்.
விடிந்ததும் கல்லுக்குப் பக்கத்தில் கள்ளுக்கடை,
கள்ளுக்கடைக்குப் பக்கத்தில் சீனன் கடை,
அதற்கு எதிரே வட்டிக்கடை,
தள்ளி ஒரு போலீஸ் கொட்டகை,
அப்புறம் பள்ளிக்கூடம்.
சொல்லப்போனால் எங்கள் ஊர் இருப்பது
நாலு பேருக்குக் கை வலித்த இடத்தில்.

சகாயநாதன் இயந்திரக் கையால் கல்லைப் பிடுங்கினான்.
மண்ணுக்கடியில் இன்னும் அவ்வளவு கல்.
எங்கே வைக்க என்றான்.
சுல்கிப்ளி கோப்பைப் புரட்டினார்,
கல்லுக்கென்று அதில் வரி எதுவும் இல்லை.
சரியான இடத்தில் வைக்கலாம் என்றால்
அங்கே இப்போது பார்சல் கிடங்கு,
காவலாளி உள்ளே விடமாட்டான்.

பதினோரு நாளாக
ஏழாங்கட்டை என் லோரியில் கிடக்கிறது.
நேற்று டீசல் போட ஆற்றுமுகம் போனேன்.
நீர் ஏறிக்கொண்டிருந்தது.
ஜெட்டி இருந்த பக்கமாக வண்டியை நிறுத்தி
ரொட்டி வாங்கித் தின்றேன்.
மீன்காரர் ஒருவர் எட்டிப்பார்த்து
அம்மி செய்யவா, விலை என்ன என்றார்.
விற்பதற்கில்லை என்றேன்.
கனமா என்றார்.
நாலு ஆள் கனம் என்றேன்.