ஒன்பதாயிரத்து நூறாம் துறை

படகுத்துறை மூடி மூன்று நாள்.
சிலோயேயில் காற்று அப்படித்தான்,
சம்பந்தி வீட்டு விருந்தாளி மாதிரி
போகிறேன் போகிறேன் என்று
வாசலிலேயே நிற்கும்.

மூட்டைகளில் சிப்பிகள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.
அக்கரையில், புவேர்த்தோ மோன்ட் ஆய்வகத்தில்,
அவற்றின் சான்றிதழ் கையெழுத்தாகி
ஒரு மேசையில் கிடந்தது.
தாள் இல்லாமல் சிப்பி லாரி ஏறாது.
போனில் படமாகக் காட்டினால் ஓட்டுநர் சிரிப்பான்:
"இதை எந்தக் கோப்பில் சொருகுவேன், செனோரா?"
இந்தப் பருவத்தில் மட்டும் இரண்டு சுமை
நாற்றத்தோடு கடலுக்கே திரும்பிற்று.

ஆகவே நான், குளோரிந்தா,
முக்குளிப்போர் சங்கத்தின் கணக்குப்பிள்ளை,
அச்சு இயந்திரத்தின் முன் மண்டியிட்டேன்.
ரவுட்டரை ஜன்னலில் வைத்தேன்,
காயப்போட்ட கம்பளி நூலுக்கு நடுவே;
சிக்னல் அங்கேதான் ஏறும்.
இயந்திரத்துக்கு நிலையான முகவரி ஒன்று கொடுத்தேன்.
என் புருஷனிடம்கூட அப்படி ஒன்று இருந்ததில்லை.
பிறகு கையேடு சொன்னபடி ஒரு துறையைத் திறந்தேன்.
எண் ஒன்பதாயிரத்து நூறு.
படகு வராத ஊரில்
இத்தனை துறைகள் இருப்பது
அதுவரை எனக்குத் தெரியாது.

யாஸ்னா அங்கே பொத்தானை அழுத்தினாள்.
இங்கே உருளைகள் முனகின.
எங்களூர் ஈரத்தில் கொஞ்சம் வளைந்து
ஒரு தாள் வந்தது:
"சோதனை. அங்கே மழையா?"
குஸ்தோடியோ அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

இரவு மூன்று மணிக்கு அது தானாக விழித்தது.
நாற்பத்தோரு பக்கம்.
எந்த மொழியென்றே பிடிபடாத எழுத்து,
நடுவே புள்ளிகளால் செய்த ஒரு பூனை,
அப்புறம் கறுப்பு, பக்கம் பக்கமாகக் கறுப்பு,
மை தீரும்வரை.
தாளுக்குக் கதவு திறந்தவள்
தாழ் போட மறந்திருந்தேன்.
முகம் தெரியாத எவனோ
காற்றையும் அலையையும் கேட்காமல்
எங்கள் கரையில் இறங்கி
சிரித்துவிட்டுப் போயிருக்கிறான்.

மறுநாள் யாஸ்னாவின் தம்பி
தொலைபேசியில் இரண்டு மணி நேரம்
பொறுமையாகத் திட்டினான்.
துறையை மூடினோம். சுரங்கம் ஒன்று போட்டோம்,
இரண்டு முனையிலும் சாவி.
எரிபெர்த்தோ ஆழத்தில் பல்லால் கடித்துக்கொள்ளும்
மஞ்சள் குழாய் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்:
சுற்றிலும் அத்தனை கடல்,
உள்ளே அவனுக்கு மட்டும் காற்று.

மை வாங்கவும் படகுதான் வேண்டும்.
அதற்கு நான்கு நாள்.

புதிய மூட்டைகளுக்கான சான்றிதழ்
வியாழன், காலை பத்து பதினேழுக்கு வந்தது.
நீர் சொட்டும் உடுப்போடு எல்லோரும் சுற்றி நின்றார்கள்.
முதலில் முத்திரை தலைநீட்டியது.
பிறகு எங்கள் விரிகுடாவின் பெயர்,
எழுத்துப் பிழையோடு.
மாதிரி எண். தேதி.
நஞ்சின் அளவு: வரம்புக்கு மேல்.
சிவப்பு அலை. அறுவடைக்குத் தடை.

முன்பெல்லாம் கெட்ட செய்தியும்
படகு பிடித்துத்தான் வரவேண்டும்.
அந்த இரண்டு நாளும் நாங்கள் விலை பேசுவோம்.
குஸ்தோடியோ மகளின் பல்லுக்குக் கம்பி கட்டுவான்,
கூரைக்குத் தகரம் மாற்றுவான்,
மிச்சத்தில் ஒரு பன்றிக்குட்டியும் வாங்குவான்,
எல்லாம் வாயாலேயே.
இப்போது பதினோரு விநாடி.

"திருப்பி அனுப்ப முடியாதா, குளோரிந்தா?
ரத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறதே,"
என்றான் எரிபெர்த்தோ.
இருக்கிறது.
வெளியே வராத தாளுக்கு.

யாரும் நகரவில்லை.
உருளை மறுபடி முனகியது.
இரண்டாம் தாளில் முத்திரை இல்லை:
"மூன்று முறை சோதித்தேன்.
ஒரு கைப்பிடிகூட வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.
யாஸ்னா."

குஸ்தோடியோ அதையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.
மற்றவர்கள் மூட்டைகளைத் தூக்கப் போனார்கள்.
தட்டில் நாலைந்து தாள்தான் இருந்தது.
நிரப்பி வைத்தேன்.