இரண்டாம் நடுவருக்கு, புளியரையிலிருந்து

பெயர் தெரியாத நடுவருக்கு,
உங்கள் நான்காவது கேள்வி:
புள்ளி ஆறால் ஏன் பெருக்கினீர்கள்?

இங்கே சாரல் பிடித்துவிட்டது.
மாலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கரண்ட் இல்லை.
மாடியறையில் கணினி பாதிக் கூட்டலில் செத்துக் கிடக்கிறது.
சோதனைச்சாவடி ஜெனரேட்டரின் வெளிச்சம்
ஜன்னல் வழியே தாளில் விழும் மட்டுக்கும்
கையால் எழுதுகிறேன்.

ஜெர்மானியம் உங்களுக்குத் தெரியாததல்ல.
முப்பத்திரண்டு புரோட்டான், நாற்பத்துநான்கு நியூட்ரான்.
ஒரே ஒரு நியூட்ரான் மனம் மாறினால் ஆர்செனிக்;
அது மேட்டில் இருக்கிறது, ஏறி நிற்க ஆற்றல் போதாது.
இரண்டும் ஒருசேர மாறினால் செலினியம்,
அது பள்ளத்தில்.
ஆக, நிற்க முடியாத ஓரிடத்தின் வழியாகத்தான்
போயாக வேண்டும்.

ஆறு வருடமாக இந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
போன வாரம் கோட்டைவாசல் ஏற்றத்தில்
புனலூருக்கு வைக்கோல் ஏற்றிப்போகும் குருசாமித்தேவன் சொன்னார்:
"அந்த வளைவுல மட்டும் நிக்கப்பிடாதுக்கா,
நின்னா பின்னால உருண்டுரும்."
கிடைத்துவிட்டது உவமை என்று நோட்டைத் திறந்தேன்.
ஆனால் வளைவில் லாரியைப் பார்க்கலாம்,
எண் பலகையைப் படிக்கலாம்,
உதிர்ந்த வைக்கோலை மாடு தின்னலாம்.
ஆர்செனிக்கில் அணுக்கருவை எவரும் எப்போதும் பார்ப்பதில்லை.
உவமையை அடித்துவிட்டேன்.

வழியும் ஒன்றல்ல.
ஆர்செனிக்கின் ஒவ்வொரு படியும் ஒரு வழி,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ.
முதல் படி அள்ளிக் கொடுக்கும்.
நாற்பதாவது படி பிடுங்கும்.
முந்நூறைத் தாண்டியபின் மிஞ்சுகிறது
சட்டைப்பையில் சில்லறைபோல ஏதோ.

மலைக்கு அந்தப்பக்கம் ஜெஸ்ஸி வர்க்கி
வேறொரு முறையில் இதே கருவைக் கணக்கிடுகிறாள்.
அவளுக்கு வருவது என்னுடையதைப்போல் ஒன்றரை மடங்கு.
மாதம் ஒருமுறை ஆரியங்காவில் சந்தித்து
யார் பிழை என்று சண்டை போடுவோம்,
யோகன்னான் லாட்டரிக் கடை வாசலில்.
எங்கள் பக்கத்து ஆட்கள் பஸ் ஏறி வருவது அந்தக் கடைக்குத்தான்.
இருபது வருடமாக விழவில்லை, இனி விழும் என்கிறார் ஒருவர்.
அணுவுக்கு அந்தக் கணக்கு கிடையாது.
இரண்டுக்குப் பின் இருபத்தொரு சுழி போட்ட வருடங்கள் அதன் அரை ஆயுள்;
எத்தனை யுகம் காத்திருந்தாலும்
முறை ஓர் அடிகூடக் கிட்டே வருவதில்லை.

கேள்விக்கு வருகிறேன்.
எழுபத்தாறில் ஐம்பத்தாறை உள்ளே வைத்துப் பூட்டினேன்.
மிச்சம் இருபதை நான்கு சுற்றுகளில் மட்டும் நடக்கவிட்டேன்.
அதற்கே நினைவகம் நிரம்பி வழிகிறது.
அவற்றோடு சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு சுற்றுகள்
வெளியே, மழையில்.
இப்படிக் கணக்கிட்டால் என் ஜெர்மானியம்
ஆய்வகத்து ஜெர்மானியத்தைவிட எட்டு மடங்கு வேகமாகச் சிதைகிறது.
இரண்டு எலக்ட்ரான்களை அவர்கள் பிடித்து எண்ணியிருக்கிறார்கள்.
எதிர்நியூட்ரினோ இரண்டும் தம் பங்கை எடுத்துக்கொண்டு
எந்தச் சாவடியிலும் நிற்காமல் போய்விட்டன.
எண்ணியது எண்ணியதுதான். பணிய வேண்டியவள் நான்.
தாவல் ஒன்றுக்குப் புள்ளி ஆறு.

அந்தக் குறைவு இயற்கையினுடையதா,
நான் போட்ட பூட்டினுடையதா?
தெரியாது.
ஆய்விதழ் நடையில் இதற்குத் தணிப்புக் காரணி என்று பெயர்.

கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறிதான் முதலில் சொன்னது.
கடைசிச் சேமிப்பிலிருந்து தொடரவா என்கிறது கணினி.
ஜெஸ்ஸியிடமிருந்து ஒற்றைச் சொல்: சரியாகும்.
அவள் மொழியிலா என் மொழியிலா, எழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

பெருக்காத எண்ணையும் அட்டவணையில்
பக்கத்திலேயே சேர்த்திருக்கிறேன், அசிங்கமாக இருந்தாலும்.
ஐந்தாவது கேள்விக்கு நாளை.